பத்திரப்பதிவு நெருங்கும்போது வாங்குபவர் முரண்டு பிடித்தால்: வீடு விற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

விலை பேசியாயிற்று, முன்பணம் வாங்கியாயிற்று, பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் அந்தச் செய்தி வருகிறது: "குளியலறைச் சுவரில் ஈரம் தெரிகிறது. விலையைக் குறைத்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்." எங்கள் வீட்டை விற்றபோது பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில் எனக்கு இப்படி ஒரு செய்தி வந்தது. பத்தே நிமிடத்தில் கோபமாகப் பதில் அனுப்பினேன். அந்தப் பதிலைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று.

அதன் பிறகு உறவினர், நண்பர் என்று சிலருடைய விற்பனையில் கடைசிக் கட்டத்தில் கூடவே இருந்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறியவர்களைவிட, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டவர்களே அதிகம். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். சட்டமும் பதிவு முறையும் நாட்டுக்கு நாடு மாறும். சட்ட விளைவுள்ள எந்தக் கடிதத்தையும் உங்கள் வழக்கறிஞர் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

1. முதல் நாள்: செய்தி கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள்

செய்தி வந்த அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: "உங்கள் செய்தி கிடைத்தது. ஆவணங்களைப் பார்த்துவிட்டு நாளை மறுநாள் மாலைக்குள் எழுத்தில் பதில் தருகிறேன்." அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், எதிர்த்தரப்பில் சந்தேகம் வளரும், ஒன்று மூன்றாகும். உடனே முழுப் பதிலும் சொன்னால், ஒப்பந்தத்தைப் படிக்காமலே வாக்குக் கொடுத்துவிடுவீர்கள். "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாட்ஸ்அப் வரியைக்கூடப் பின்னால் சம்மதம் என்று காட்ட முடியும். "வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்" என்பது இன்னும் ஆபத்து. ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள்தான் என்று வாதாட அந்த ஒரு வரி போதும்.

அன்றே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: உங்கள் தரப்பில் யார் பேசுவது? ஒருவர்தான் பேச வேண்டும். அண்ணன் விலையைக் குறைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கையில், தம்பி தரகரிடம் "கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்" என்று சொல்லிவிட்ட ஒரு விற்பனையைப் பார்த்தேன். வாங்குபவர் தம்பியின் சொல்லையே கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

2. மேசைமேல் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஒப்பந்தம், அதன் பிறகு கையெழுத்தான திருத்தங்கள், முன்பண ரசீது, வீட்டின் குறைகளைப் பற்றி நீங்கள் எழுத்தில் தெரிவித்தவை, வாங்குபவர் வைத்த பரிசோதகரின் அறிக்கை, அவருடைய வங்கிக் கடன் பற்றி வந்த தகவல்கள், உங்கள் பழைய வீட்டுக்கடன் இருந்தால் அதை முடிக்க வங்கி தந்த கணக்கு. இத்தனையும் ஓரிடத்தில் வேண்டும்.

இவற்றிலிருந்து ஒரே தாளில் தேதிவாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். வீட்டை எப்போது காட்டினீர்கள், அவருடைய பரிசோதகர் எப்போது வந்தார், அறிக்கை எப்போது கிடைத்தது, ஒப்பந்தம் எப்போது கையெழுத்தானது, கெடு எப்போது. கடைசிக் கட்டத் தகராறில் பெரும்பகுதி, யாருக்கு எது எப்போது தெரியும் என்பதைப் பற்றியதுதான். என் விஷயத்தில், அந்த ஈரத்தை அவருடைய பரிசோதகரே அறிக்கையில் குறித்திருந்தார். அதற்குப் பதினொரு நாள் கழித்துத்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதாவது, ஈரம் தெரிந்தே பேசிய விலை அது. இதை முதல் நாளே பார்த்திருந்தால் கோபத்துக்கே வேலை இருந்திருக்காது.

3. ஒப்பந்தத்தை ஐந்து கேள்விகளோடு படியுங்கள்

முழுவதையும் வரிவரியாகப் படிப்பது நல்லதுதான். ஆனால் ஐந்து இடங்களில் விரலை வைத்து நிறுத்துங்கள்.

முதல் கேள்வி: வீட்டைப் பரிசோதித்துக் குறை சொல்லும் உரிமைக்குக் காலவரை இருக்கிறதா, அது முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால், இப்போது வந்திருப்பது வேண்டுகோள், உரிமை அல்ல. இந்த வேறுபாடு உங்கள் பதிலின் தொனியையே மாற்றும்.

இரண்டாவது: கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தோடு விலகிக்கொள்ளலாம் என்று நிபந்தனை இருக்கிறதா? இருந்து, அதன் காலமும் முடியாமல் இருந்தால், அவர் கையில் வெளியேறும் வழி ஒன்று இருக்கிறது. அதை மறந்துவிட்டு மிரட்டினால் அவர் அந்த வழியாகவே போய்விடுவார்.

மூன்றாவது: கெடு எவ்வளவு இறுக்கமானது? தேதி மட்டும் எழுதியிருக்கிறதா, அந்தத் தேதி தவறினால் ஒப்பந்தம் முறியும் என்றும் எழுதியிருக்கிறதா, முறிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா? பல நாடுகளில், தேதி தவறியதாலேயே ஒப்பந்தம் தானாக முறிந்துவிடாது.

நான்காவது: முன்பணம் எந்தச் சூழ்நிலையில் யாருக்கு? "முன்பணத்தை எடுத்துக்கொள்வேன்" என்று சொல்வது எளிது. எழுதியிருந்தால்கூட, இழப்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய தொகையை நீதிமன்றம் குறைக்கலாம். அது கையில் வந்துவிட்டதாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஐந்தாவது: வீட்டோடு எவை போகின்றன? மின்விசிறி, சுவர் அலமாரி, தண்ணீர் சூடேற்றும் கருவி, குளிர்சாதனப் பெட்டி. கேட்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். கடைசி நாள் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

4. கோரிக்கைக்குப் பின்னால் இருப்பது என்ன?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கேட்கும் பொருளுக்குப் பதில் சொல்கிறார்கள். கேட்கும் காரணத்தைப் பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்கும் வாங்குபவரிடம் நான் கண்டவை மூன்று: பயம், பணத் தட்டுப்பாடு, பேரம். மூன்றும் வெளியே ஒரே முகத்தோடுதான் வரும். மருந்து மட்டும் வேறு வேறு.

பயந்தவர் நிறையக் கேள்வி கேட்பார். ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று வரும். மறுபடி வீட்டைப் பார்க்க வேண்டும் என்பார். கூடவே மாமனாரையோ தெரிந்த கொத்தனாரையோ அழைத்து வருவார். வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் கொடுக்கப்போகிறவருக்கு இது இயல்பு. இவருக்குப் பணம் குறைத்தால் பயம் கூடும்: "கேட்டவுடன் குறைக்கிறார்களே, இன்னும் என்ன மறைத்திருப்பார்கள்?" இவருக்கு வேண்டியது தகவல். குழாய் மாற்றிய ரசீது, பழுது பார்த்தவரோடு நேரில் பேச ஒரு வாய்ப்பு, வீட்டைச் சாவகாசமாகப் பார்க்க ஒரு மணி நேரம்.

பணம் போதாதவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வெட்கம். வீட்டில் குறை கண்டுபிடிப்பார். தேதியைப் பற்றிக் கேட்டால் மழுப்புவார். கடன் அனுமதிக் கடிதம் கிடைத்ததாலேயே பணம் வந்துவிடாது. பணம் விடுவிக்கும் முன் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும், வேலையையும் வருமானத்தையும் மறுபடி சரிபார்க்கும். பொதுவாக, பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் அடிப்படையில்தான் கடன். விலை 100 என்று வையுங்கள். வங்கி 80 சதவீதம் தருகிறது. மதிப்பீடு 95 என்று வந்தால் கடன் 80 இல்லை, 76. திடீரென்று 4 குறைகிறது. அந்த நாலுக்காகத்தான் குளியலறைச் சுவரில் ஈரம் தெரிய ஆரம்பிக்கிறது.

இவரிடம் நேராக, மரியாதையாகக் கேளுங்கள்: "வங்கி மதிப்பீடு எவ்வளவு வந்தது? பணம் எந்தத் தேதியில் விடுவிப்பதாகச் சொன்னார்கள்?" தாளைக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பீடுதான் காரணம் என்றால் பேசவேண்டியது அதைப் பற்றி. ஈரத்தைப் பற்றி அல்ல.

பேரம் பேசுபவர் வேறு வகை. கெடுவுக்கு மிக அருகில், வட்டமான ஒரு தொகையோடு வருவார். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று விலைப்பட்டியல் கேட்டால் கொண்டுவர மாட்டார். நீங்கள் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பது இவருக்கு எப்படியோ தெரிந்திருக்கும். (அதனால்தான் உங்கள் அவசரத்தைத் தரகரிடம்கூடச் சொல்லக் கூடாது என்கிறேன்.) இவரிடம் சலுகையைவிடத் தெளிவான மறுப்பே பலன் தரும்: ஒப்பந்தத்தின் பிரிவு, அறிக்கையின் தேதி, பதிவு நாள் மாறவில்லை என்ற ஒரு வரி.

எது என்று புலப்படாவிட்டால் இரண்டு கேள்விகள் போதும்: "இதைச் சரிசெய்ய விலைப்பட்டியல் இருக்கிறதா? இதைச் சரிசெய்தால் குறித்த தேதியில் பதிவுக்கு வர முடியுமா?" பயந்தவர் பட்டியல் கொண்டுவருவார். பணம் இல்லாதவர் தேதியில் தயங்குவார். பேரம் பேசுபவர் தொகையை மட்டும் திரும்பச் சொல்வார்.

5. விற்பனை முறிந்தால் உங்களுக்கு எவ்வளவு செலவு?

பதில் எழுதும் முன் இந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். இது இல்லாதவர்கள் ஒன்று பயத்தில் அள்ளிக் கொடுப்பார்கள், அல்லது வீம்புக்காகச் சின்னத் தொகையில் விற்பனையையே கெடுத்துக்கொள்வார்கள்.

மறுபடி விலை 100 என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் வட்டி, வரி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 0.7 ஆகிறது. புதிதாக ஒருவரைத் தேட 2 மாதம், அவருடைய கடனுக்கும் பதிவுக்கும் 2 மாதம். நான்கு மாதத்துக்கு 2.8. ஒருமுறை முறிந்த விற்பனை என்று தெரிந்தால் அடுத்தவர் 1 குறைத்துக் கேட்பார் என்று கொள்ளுங்கள். மொத்தம் 3.8. நீங்கள் வேறு வீடு வாங்கிக்கொண்டிருந்தால், அங்கே இழக்கக்கூடிய முன்பணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வட்டியையும் வரியையும் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

வாங்குபவர் 3 கேட்கிறார் என்றால், முறிவதைவிடக் கொடுப்பது மலிவு என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஆனால் 3.8 என்பது உங்கள் கடைசி எல்லை. தொடங்க வேண்டிய இடம் அது அல்ல. அதை வீட்டில் ஒருவர் தவிர வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். அவருக்கும் இதேபோல ஒரு கணக்கு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்: பரிசோதகருக்கும் வங்கிக்கும் கட்டிய கட்டணம், காலி செய்வதாகச் சொல்லிவிட்ட வாடகை வீடு. அவரும் முறிய விரும்ப மாட்டார்.

6. கொடுப்பதென்றால் எந்த வடிவில்?

சரிசெய்து தருவது, விலையைக் குறைப்பது, பதிவுக்குப் பின் பழுது பார்க்க ஒரு தொகையை மூன்றாம் ஆளிடம் ஒதுக்கி வைப்பது, வீட்டோடு ஏதாவது பொருளை விட்டுச் செல்வது, தேதியைத் தள்ளிக் கொடுப்பது. ஒரே மதிப்புள்ள சலுகைதான் என்றாலும் வடிவத்துக்கு ஏற்ப விளைவு மாறும்.

கெடுவுக்கு இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால், சரிசெய்து தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் வர மாட்டார், வந்தாலும் பூச்சு காயாது, காய்ந்தாலும் அவருக்கு நிறம் பிடிக்காது. வேலையின் தரம் ஒரு புதுத் தகராறாகும். குறிப்பிட்ட ஒரு தொகையைக் கொடுத்து, அவரே தம் விருப்பப்படி செய்துகொள்ளட்டும் என்பது மேல்.

விலை மாறினால் அவருடைய வங்கிக்குத் தெரிந்தாக வேண்டும். வங்கி மறுபடி ஒப்புதல் தர நாள் எடுக்கும். ஆகவே பேசி முடித்த அன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள். "பத்திரத்தில் ஒரு விலை, கைமாற்றாக வேறு கணக்கு" என்று யார் யோசனை சொன்னாலும், தரகரே சொன்னாலும், மறுத்துவிடுங்கள். வங்கிக்கும் வரித்துறைக்கும் தெரியாத தனி ஏற்பாடு உங்களைக் குற்றச்சாட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

7. எழுதி முடியுங்கள்

வாய்ப்பேச்சில் முடிந்த சமரசம் மூன்று நாள்கூடத் தாங்காது. நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் இது:

"குளியலறைச் சுவர் ஈரம் தொடர்பாக, மீதித் தொகையில் (தொகை) குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். பத்திரப்பதிவு (தேதி) அன்றோ அதற்கு முன்போ முடிந்தால் மட்டுமே இது பொருந்தும். இதற்கு ஈடாக, வீட்டின் நிலை பற்றி நீங்கள் இதுவரை எழுப்பிய எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்ததாக ஏற்கிறீர்கள். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரும். (தேதி) மாலை 5 மணிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் இந்தச் சலுகை செல்லாது."

ஐந்து வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைக்கிறது. முதலாவது தொகையை நிறுத்துகிறது. இரண்டாவது, சலுகையை வாங்கிக்கொண்டு தேதியையும் தள்ளுவதைத் தடுக்கிறது. மூன்றாவது இல்லாவிட்டால் அடுத்த வாரம் சமையலறைக் குழாய் வரும். நான்காவது, பழைய ஒப்பந்தம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லாதபடி காக்கிறது. ஐந்தாவது, உங்கள் சலுகையைப் பையில் வைத்துக்கொண்டு மேலும் கேட்பதற்கு இடம் தருவதில்லை.

மூன்றாவது வாக்கியத்தை நம்பி எதையும் மறைக்காதீர்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு, விற்ற பிறகும் வழக்கு வரலாம். உங்களுக்குத் தெரிந்த குறை இன்னும் சொல்லாமல் இருந்தால், இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். அதனால் விலை கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை. அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் வாழப்போகிறது.

8. கெடு தள்ளிக் கேட்டால்

நீட்டிப்பை இலவசமாகக் கொடுக்காதீர்கள். கூடுதல் முன்பணமோ, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் வட்டிச் செலவோ கேளுங்கள். உண்மையிலேயே வாங்கப்போகிறவர் இதற்குச் சம்மதிப்பார். தள்ளிப்போட நினைப்பவர் இங்கேயே வெளிப்பட்டுவிடுவார். புதுத் தேதி, அது ஏன் தேவைப்படுகிறது, தவறினால் என்ன ஆகும், மூன்றும் எழுத்தில் வேண்டும். கெடு தவறியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டால், தேதியை நீங்களே பொருட்படுத்தவில்லை என்று பின்னால் வாதிடுவார்கள்.

"பணம் அடுத்த வாரம் வருகிறது, சாமானை மட்டும் இறக்கிவைத்துக்கொள்கிறேன், சாவி கொடுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு என் பதில் எப்போதும் இல்லை என்பதுதான். குடிபுகுந்தவரை வெளியேற்றுவது வீட்டை விற்பதைவிடக் கடினம். சாமான் சேதமானாலும் தீப்பிடித்தாலும் காப்பீடு யாருடையது என்ற கேள்வியும் எழும். அவருடைய சிரமம் உண்மையாக இருந்தால், ஒரு மாதத்துக்குச் சாமான் வைக்க வேறிடம் பார்க்க உதவுங்கள். சாவி வேண்டாம்.

9. விட்டுவிட வேண்டிய கட்டம்

எழுத்தில் சம்மதித்த பிறகும் புதுக் கோரிக்கை வருகிறது, நீட்டித்த கெடுவும் தவறுகிறது, வங்கித் தாளைக் காட்ட மறுக்கிறார். இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். "இத்தனை நாளுக்குள் மீதித் தொகையோடு பதிவுக்கு வர வேண்டும், தவறினால் ஒப்பந்தப்படி நடவடிக்கை" என்று நோட்டீஸ் போகட்டும். அதே நேரத்தில் நீங்கள் தயாராக இருந்ததற்குச் சான்று சேருங்கள்: ஆவணங்கள் தயார், பழைய கடனை முடிக்க ஏற்பாடு, குறித்த நாளில் பதிவு அலுவலகத்துக்குச் சென்றதற்கான ஆதாரம். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது, உங்கள் பங்கை நீங்கள் செய்தீர்களா என்பதுதான்.

ஒப்பந்தம் முறையாக ரத்தாகாமல் இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவதைப்போல் மோசமான தவறு இந்த வேலையில் இல்லை. முதல் வாங்குபவர் ஒப்பந்தப்படி வீட்டைத் தனக்கே எழுதித் தரும்படி வழக்குப் போடலாம். வீடு விற்கவும் முடியாமல், விடவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ரத்து ஆவணம், முன்பணக் கணக்கு தீர்ந்த ரசீது, இவை கையில் வந்த பிறகே அடுத்தவருக்கு வீட்டைக் காட்டுங்கள். முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் அவர் உடனே கையெழுத்திடுவார் என்றால், பெரும்பாலும் அது நல்ல வியாபாரம்.

10. கடைசிப் பார்வையும் பதிவு நாளும்

பதிவுக்கு முந்தைய நாள் அவர் வீட்டைக் கடைசியாகப் பார்க்க வருவார். அதற்கு முன் நீங்களே வாங்குபவரின் கண்ணோடு ஒருமுறை நடந்து பாருங்கள். படம் கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டைகள், அலமாரி நகர்த்திய இடத்தில் வெளிறிய சதுரம், மேசை இழுத்த கீறல். சாமான் இருந்தபோது தெரியாத இவையெல்லாம் காலி வீட்டில் கூச்சல் போடும். சுவர் ஓட்டையை அடைக்கும் பட்டி (putty) ஒரு கரண்டியும் ஒரு ஈரத்துணியும் பாதியைத் தீர்த்துவிடும். குழாய்களைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, எல்லாம் இயங்குவதை அறை அறையாகக் காணொளி எடுத்துவையுங்கள்.

அவர் பார்க்கும்போது கூட நடந்து விளக்கம் சொல்லாதீர்கள். வாசலில் இருங்கள், கேட்டால் மட்டும் பதில். பார்த்து முடித்ததும், "வீட்டைப் பார்த்தேன், ஒப்பந்தப்படி இருக்கிறது" என்ற ஒரு வரியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பதிவு நாளன்று மீதித் தொகை உங்கள் கணக்கில் வந்துவிட்டதை வங்கியிடமே உறுதி செய்யுங்கள். பணம் அனுப்பியதாக அவர் கைபேசியில் காட்டும் படம் போதாது. மின்சார, தண்ணீர் மீட்டர்களின் எண்ணிக்கையை இருவரும் பார்க்கப் படமெடுங்கள். அந்த எண்வரை உங்கள் கட்டணம், அதற்குப் பின் அவருடையது. பிறகு சாவிகளை எண்ணுங்கள்: வாசல், பின்கதவு, அலமாரி, மீட்டர் பெட்டி. எத்தனை என்று தாளில் எழுதி, நேரத்தையும் குறித்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொத்தைக் கொடுங்கள்.